லாஸ் ஏஞ்சலஸ் கைது, சிறைப் பதிவு ஆவணங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் கைது, சிறைப் பதிவு ஆவணங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கைது செய்யப்படுவோர் குறித்தும், அவர்கள் சிறையில் சேர்க்கப்படும்போது எழுதப்படும் விவரங்கள் குறித்தும் அரசு அமைப்புகள் பேணிவரும் பதிவுகள் ஆகும். இவற்றின் ஒரு பகுதி, எவரும் காரணம் கூறாமலேயே பார்வையிடக்கூடிய பொது ஆவணமாகும். ஒருவர் எப்போது, எங்கே, எக்குற்றச்சாட்டின் பேரில் பிடிக்கப்பட்டார், எங்கே வைக்கப்பட்டுள்ளார், அவரது பிணைத் தொகை எவ்வளவு என்பன இப்பகுதியில் அடங்கும். மற்றொரு பகுதியான முழுமையான குற்ற வரலாறு, சட்டத்தால் மறைத்து வைக்கப்பட்டுள்ளது.

கைதுப் பதிவு குற்றத்துக்குச் சான்று அன்று. அது, ஒருவர் மீது காவல்துறை ஐயம் கொண்டது என்பதற்கும், அந்த ஐயத்தின் பேரில் அவரது நடமாட்டத்தைத் தடுத்தது என்பதற்கும் மட்டுமே சான்றாகும். இப்பதிவுகள் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டதன் முதன்மை நோக்கம், அரசு எவரையும் மறைவாகப் பிடித்து வைத்துக்கொள்ள இயலாதவாறு தடுப்பதாகும். ஆயினும் காவலில் இருப்பவரைக் காக்கும் அதே பதிவு, அவர் விடுதலையான பின்னர் அவரது வேலைக்கும் குடியிருப்புக்கும் தடையாக நிற்கக்கூடும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே எல்லை வகுக்கும் முயற்சியாகவே கலிபோர்னியாவின் இத்துறைச் சட்டங்களும் தீர்ப்புகளும் வளர்ந்துள்ளன.

## சொற்பொருள்

இத்துறையில் ஒன்றுபோலத் தோன்றும் சில சொற்கள் வெவ்வேறு பொருள் உடையவை.

- கைது: சட்டம் அனுமதிக்கும் முறையில் ஒருவரைக் காவலில் எடுத்தல்.
- சிறைப் பதிவு: "புக்கிங்" எனப்படும் இது, கைதைக் காவல்துறையின் அதிகாரமுறை ஏடுகளில் எழுதுதல், கைவிரல் ரேகை எடுத்தல், ஒளிப்படம் எடுத்தல் ஆகிய செயல்களைக் குறிக்கும். கலிபோர்னியத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 7ஆம் பிரிவு இதனை இவ்வாறே வரையறுக்கிறது.
- உள்ளூர்ச் சிறை: "ஜெயில்" என்பது விசாரணைக்குக் காத்திருப்போரும் குறுகிய காலத் தண்டனை பெற்றோரும் வைக்கப்படும் இடம். மாநகரமோ மாவட்டமோ இதனை நடத்தும்.
- தண்டனைச் சிறை: "பிரிசன்" என்பது நீண்ட காலத் தண்டனை பெற்றோருக்கு உரியது. மாநில அரசோ கூட்டாட்சி அரசோ இதனை நடத்தும். தமிழில் இரண்டும் சிறை என்றே வழங்கப்பட்டாலும், அமெரிக்காவில் இவற்றின் பதிவேடுகள் வெவ்வேறு அமைப்புகளிடம் உள்ளன.
- குற்ற வரலாற்றுத் தொகுப்பு: ஒருவரின் வாழ்நாள் முழுவதிலுமான கைதுகள், வழக்குகள், தீர்ப்புகள் ஆகியவற்றின் திரட்டு. பேச்சு வழக்கில் "ராப் ஷீட்" எனப்படும் இது பொது ஆவணம் அன்று.

## பதிவுகளைப் பேணும் அமைப்புகள்

லாஸ் ஏஞ்சலஸ் என்ற பெயர் ஒரு மாநகரத்தையும், "கவுன்ட்டி" எனப்படும் ஒரு மாவட்டத்தையும் குறிக்கும். இம்மாவட்டத்தினுள் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் உட்பட 88 நகரங்கள் உள்ளன. லாங் பீச், பாசடீனா, பெவர்லி ஹில்ஸ் போன்றவற்றுக்குத் தனிக் காவல்துறைகள் உண்டு. வெஸ்ட் ஹாலிவுட், காம்ப்டன் போன்ற நகரங்கள் மாவட்ட ஷெரிஃபின் காவல் பணியைக் கட்டணம் செலுத்திப் பெறுகின்றன. ஆகவே ஒரு கைதுப் பதிவைத் தேடும்போது, கைது நிகழ்ந்த இடம் எந்த அமைப்பின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பதிவுகள் பின்வரும் அமைப்புகளிடையே பிரிந்து கிடக்கின்றன.

- லாஸ் ஏஞ்சலஸ் மாநகரக் காவல்துறை: 1869இல் தோன்றியது. மாநகர எல்லைக்குள் நிகழும் கைதுகளின் அறிக்கைகள் இதனிடம் உள்ளன. கைதானவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தும்வரை வைத்திருக்கச் சொந்தக் காவல் சிறைகளையும் இத்துறை நடத்துகிறது.
- மாவட்ட ஷெரிஃப் துறை: 1850இல் தோன்றியது. இதன் சிறை அமைப்பு அமெரிக்காவின் மிகப் பெரிய உள்ளூர்ச் சிறை அமைப்பாகக் கருதப்படுகிறது. நகர மையத்திலுள்ள ஆண்கள் மத்தியச் சிறை, 1997இல் திறக்கப்பட்ட இரட்டைக் கோபுரச் சிறை, லின்வுட்டிலுள்ள பெண்கள் சிறை, வடக்கே கஸ்டேக்கிலுள்ள சிறைகள் ஆகியன இதில் அடங்கும்.
- மாவட்ட மேல்நிலை நீதிமன்றம்: பெயரில் மேல்நிலை எனப்பட்டாலும், இதுவே குற்ற வழக்குகள் முதன்முதலில் விசாரிக்கப்படும் நீதிமன்றமாகும். வழக்குப் பதிவேடுகள் இதனிடம் உள்ளன.
- வழக்குத் தொடுப்போர்: பெருங்குற்ற வழக்குகளை மாவட்ட அரசு வழக்கறிஞரும், மாநகர எல்லைக்குள் நிகழும் சிறு குற்ற வழக்குகளை மாநகர வழக்கறிஞரும் தொடுக்கின்றனர்.
- கலிபோர்னிய நீதித் துறை: மாநிலம் முழுவதற்குமான குற்ற வரலாற்றுத் தொகுப்புகளைப் பேணுகிறது.

## பதிவு உருவாகும் முறை

கைதான எல்லோரும் சிறைக்குக் கொண்டுசெல்லப்படுவதில்லை. சிறு குற்றங்களில், குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வருவதாகக் கையொப்பம் பெற்றுக்கொண்டு அவ்விடத்திலேயே விடுவிப்பது வழக்கம். அவ்வாறு விடுவிக்கப்பட்டவரின் பெயர் சிறையிலுள்ளோர் பட்டியலில் இடம்பெறாது.

சிறைக்குக் கொண்டுசெல்லப்படுபவரின் பெயர், பிறந்த நாள், உடல் அடையாளங்கள், கைது செய்த அமைப்பு, குற்றச்சாட்டு ஆகியன பதியப்படுகின்றன. கைவிரல் ரேகைகள் கணினிக் கருவி மூலம் எடுக்கப்பட்டு மாநில நீதித் துறைக்கு அனுப்பப்படுகின்றன. உடைமைகள் பட்டியலிடப்படுகின்றன, உடல், மனநலம் குறித்த வினாக்கள் கேட்கப்படுகின்றன. இறுதியில் ஒரு பதிவு எண் வழங்கப்படுகிறது. இவ்வெண் ஆளுக்குரியது அன்று, அந்தக் கைதுக்குரியது. அதே ஆள் மீண்டும் கைதானால் புதிய எண் வழங்கப்படும்.

கலிபோர்னியத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 851.5ஆம் பிரிவின்படி, கைதானவர் கைதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் குறைந்தது 3 தொலைபேசி அழைப்புகள் செய்ய உரிமை உடையவர். 825ஆம் பிரிவின்படி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் நீங்கலாக, 48 மணி நேரத்துக்குள் அவர் நீதிபதியின் முன் நிறுத்தப்பட வேண்டும். மாநகரக் காவல் சிறையில் இருந்தவர், நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட பின்னும் காவலில் தொடர்ந்தால், ஷெரிஃபின் பொறுப்புக்கு மாறுகிறார். இதனால் ஒரே ஆளை முதல் நாளில் ஓரிடத்திலும் மூன்றாம் நாளில் வேறோர் இடத்திலும் தேட நேரிடுகிறது.

## சட்ட அடிப்படை

### இரகசியக் கைதுக்கு எதிரான மரபு

காவல் நிலையங்களில் கைதேட்டைத் திறந்து வைக்கும் வழக்கம், எழுதப்பட்ட தகவல் உரிமைச் சட்டங்களுக்கு முந்தியது. கைதேடுகள் மக்கள் பார்வைக்கு உரியவை என்ற விதியின் நோக்கம் இரகசியக் கைதுகளைத் தடுப்பதே என்று வாசிங்டன் நகரிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1969இல் விளக்கியது. ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அவருக்காக வழக்கறிஞர் வைக்கவோ, பிணை கட்டவோ, ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யவோ குடும்பத்தினரால் இயலாது.

### கலிபோர்னியப் பொது ஆவணச் சட்டம்

கலிபோர்னியப் பொது ஆவணச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. 2004இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் வழியாக, அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை மாநில அரசியலமைப்பிலும் சேர்க்கப்பட்டது. 2023 சனவரி 1 முதல் இச்சட்டத்தின் பிரிவுகள் புதிய எண்களுடன் மறுசீரமைக்கப்பட்டன. காவல்துறையின் புலனாய்வுக் கோப்புகள் பொதுவாக இச்சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவை. ஆனால் அக்கோப்புகளிலிருந்தும் சில விவரங்களைக் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று 7923.610ஆம் பிரிவு கூறுகிறது. அவையாவன:

- கைதானவரின் முழுப்பெயர், தொழில்
- பிறந்த நாள், பால், உயரம், எடை, கண் மற்றும் முடியின் நிறம்
- கைது செய்யப்பட்ட நாள், நேரம், இடம்
- சிறையில் பதியப்பட்ட நாள், நேரம்
- கைதுக்குக் காரணமான நிகழ்வின் விவரம்
- பிணைத் தொகை
- விடுதலையான நேரமும் முறையும், அல்லது தற்போது வைக்கப்பட்டுள்ள இடம்
- நிலுவையிலுள்ள பிடியாணைகள் உட்பட எல்லாக் குற்றச்சாட்டுகளும்

ஒரு குறிப்பிட்ட விவரத்தை வெளியிடுவதால் எவருடைய பாதுகாப்புக்கேனும் புலனாய்வுக்கேனும் ஊறு நேருமானால், அவ்விவரத்தை மட்டும் காவல்துறை நிறுத்தி வைக்கலாம்.

### கால எல்லை

மேற்கண்ட கடமை எவ்வளவு காலத்துக்கு உரியது என்ற வினா, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலேயே வழக்காக எழுந்தது. ஷெரிஃப் துறையைச் சேர்ந்த இரு காவலர்கள் முந்தைய 10 ஆண்டுகளில் செய்த கைதுகளின் விவரங்களை, அத்துறைக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்த ஒருவர் கோரினார். 1993இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டத்தின் நோக்கம் இரகசியக் கைதுகளைத் தடுப்பதும், செய்தியாளர்களுக்கு வழக்கமாகத் தரப்பட்டுவந்த அடிப்படைத் தகவல்கள் தொடர்ந்து கிடைக்கச் செய்வதுமே ஆகும். ஆகவே வெளியிடும் கடமை நிகழ்காலக் கைதுகளுக்கே பொருந்தும் என்று அது தீர்ப்பளித்தது. குசார் வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பிலிருந்து 2015இல் சான் டியேகோ வழக்கொன்றில் மற்றொரு அமர்வு மாறுபட்டது. எனினும் 2022இல் கெர்ன் மாவட்டத்தைச் சார்ந்த கின்னி வழக்கில் குசார் வழக்கின் நிலைப்பாடே பின்பற்றப்பட்டது.

இதன் பயனாக, நேற்று கைதானவரின் விவரத்தைக் காவல்துறை தர வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கைதாகி விடுவிக்கப்பட்டவரின் விவரத்தைத் தரக் கடமைப்பட்டதன்று. மறுபுறம், காவலர்களின் பழைய நடத்தையை ஆராய முற்படுவோருக்கும் இதே எல்லை தடையாக அமைகிறது.

### முகவரி

கைதானவரின் வீட்டு முகவரி தனிவகையாக நடத்தப்படுகிறது. 1996இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆய்வு, இதழியல், அரசியல், அரசுப் பணி ஆகிய நோக்கங்களுக்காகவோ, உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளரின் புலனாய்வுக்காகவோ மட்டுமே முகவரி தரப்படும். பெறுபவர், பொருளையோ சேவையையோ விற்பதற்கு அதனைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதிமொழியின் பேரில் எழுதித்தர வேண்டும். கைதானோரின் முகவரிகளைத் திரட்டி வழக்கறிஞர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், வாகன ஓட்டுநர் பள்ளிகள் போன்றோருக்கு விற்றுவந்த ஒரு பதிப்பு நிறுவனம் இத்திருத்தத்தை எதிர்த்தது. 1999 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை எதிர் யுனைட்டட் ரிப்போர்ட்டிங் பதிப்பகம் என்ற வழக்கில், அந்நிறுவனத்தின் ஆட்சேபத்தை 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது.

### தொகுக்கப்பட்ட விவரங்கள்

தனித்தனியாகப் பொதுவில் கிடைக்கும் செய்திகள் ஒன்றாகத் திரட்டப்படும்போது அவற்றின் தன்மை மாறுகிறது என்பது இத்துறையின் முக்கியமான கருத்தாகும். பல நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகளை ஒவ்வொன்றாகத் தேடுவதும், ஒரே கணினித் தொகுப்பைத் திறப்பதும் ஒன்றல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் கூறி, கூட்டாட்சிக் காவல் அமைப்பான எஃப்.பி.ஐ. வைத்திருந்த குற்ற வரலாற்றுத் தொகுப்பை வெளியிட மறுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கீழ்நிலை நீதிமன்றங்களில் குற்றச்சாட்டுக்கு உள்ளான எல்லோரின் விவரங்களும் அடங்கிய கணினி நாடாக்களை வணிகத்துக்காகக் கோரிய ஒருவரின் வழக்கிலும், 1994இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே காரணத்தைக் காட்டி அக்கோரிக்கையை மறுத்தது.

## தேடும் முறைகள்

### தற்போது காவலில் இருப்போர்

ஷெரிஃப் துறையின் இணையத்தளத்தில் சிறையிலுள்ளோரைத் தேடும் வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. குடும்பப் பெயரும் இயற்பெயரும் கொண்டோ, பதிவு எண் கொண்டோ தேடலாம். பிறந்த நாள் தெரிந்தால், ஒரே பெயருடைய பலரிடையே உரியவரை இனங்காண்பது எளிது. கைதுக்கும் பதிவு தோன்றுவதற்கும் இடையே பல மணி நேரம் ஆகலாம். எனவே முதல் தேடலில் பெயர் இல்லையெனில், அவர் கைதாகவில்லை என்று முடிவு செய்ய இயலாது. மாநகரக் காவல்துறையால் அண்மையில் பிடிக்கப்பட்டவரைப் பற்றி அத்துறையின் காவல் சிறைகளில் நேரடியாகவும் கேட்கலாம்.

பெயரின் எழுத்துக்கூட்டல் பெரும் சிக்கலை உண்டாக்கும். ஆங்கிலத்தில் பல வகையாக எழுதப்படும் பெயர்கள், இரட்டைக் குடும்பப் பெயர்கள், முதலெழுத்தோடு வழங்கும் பெயர்கள் ஆகியவற்றை வெவ்வேறு வடிவங்களில் தேடிப் பார்க்க வேண்டும். தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுத நேரும் தமிழர் போன்றோரின் பதிவுகளில் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருக்கக்கூடும்.

### நீதிமன்றப் பதிவுகள்

வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னர், நம்பத்தகுந்த ஆவணம் நீதிமன்றத்தில் உள்ளதேயாகும். மாவட்ட மேல்நிலை நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைக் கொண்டு குற்ற வழக்குகளைத் தேடக் கட்டணம் உண்டு. கலிபோர்னிய நீதிமன்ற விதி 2.503இன்படி, குற்ற வழக்குகளின் கோப்பிலுள்ள ஆவணங்களைப் பொதுமக்கள் நீதிமன்றக் கட்டடத்தில்தான் பார்க்க முடியும். தொலைவிலிருந்து இணையம் வழியாகப் பார்க்க இயலாது. வழக்குகளின் அட்டவணையும் நடவடிக்கைப் பட்டியலும் இதற்கு விதிவிலக்காகும். நகர மையத்திலுள்ள கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ் குற்றவியல் நீதி மையம் மாவட்டத்தின் முதன்மையான குற்றவியல் நீதிமன்றக் கட்டடமாகும்.

ரிவர்சைடு மாவட்ட நீதிமன்றத்தைச் சார்ந்த வழக்கொன்றில், பொதுமக்கள் பிறந்த நாளையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ உள்ளிட்டுக் குற்ற வழக்கு அட்டவணையைத் தேட அனுமதிப்பது விதிக்கு முரணானது என்று 2021இல் தீர்ப்பளிக்கப்பட்டது. வேலை தேடுவோரின் பழைய வழக்குகள் எளிதில் திரட்டப்படுவதை இது தடுக்கிறது. அதே வேளையில், ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்துவதும் கடினமாகிறது.

### எழுத்து மூலக் கோரிக்கை

இணையத்தில் கிடைக்காத விவரங்களைப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் உரிய காவல்துறையிடம் எழுதிக் கேட்கலாம். கேட்பவர் தம் நோக்கத்தைக் கூற வேண்டியதில்லை. முகவரி பெறுவது மட்டுமே இதற்கு விலக்காகும். ஆவணம் வெளியிடத் தக்கதா என்பதை அமைப்பு 10 நாட்களுக்குள் தீர்மானித்துத் தெரிவிக்க வேண்டும். சிறப்புச் சூழல்களில் மேலும் 14 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். பார்வையிடக் கட்டணம் இல்லை; படியெடுக்கும் செலவு மட்டும் பெறப்படும். கைதான நாள், இடம், பதிவு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் கோரிக்கை விரைவாக நிறைவேறும்.

### பிற காவல்கள்

மாவட்டச் சிறையில் பெயர் இல்லாதவர் வேறோர் அரசின் காவலில் இருக்கலாம். கூட்டாட்சிச் சிறைத் துறையின் தேடல் வசதியில் 1982 முதலானோரின் பெயர்கள் உள்ளன. குடிநுழைவுத் துறையின் காவலில் இருப்போரைத் தேட 2010இல் தொடங்கப்பட்ட தனி வசதி உள்ளது. அதில் வெளிநாட்டவர் பதிவு எண்ணும் பிறந்த நாடும், அல்லது பெயரும் பிறந்த நாடும் தேவை. தண்டனை பெற்று மாநிலச் சிறைக்கு அனுப்பப்பட்டோரை மாநிலச் சிறைத் துறையின் இணையத்தளத்தில் தேடலாம். 18 வயதுக்கு உட்பட்டோரின் வழக்குக் கோப்புகள் மறைவானவை. அவற்றைப் பொதுமக்கள் தேட இயலாது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனி உரிமை உண்டு. 2008இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய மார்சி சட்டத்தின்படி, கைதானவர் விடுவிக்கப்படும்போது தமக்கு அறிவிக்குமாறு அவர்கள் கேட்கலாம்.

### பெயரில்லாத் தரவுகள்

ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரும்பாலும் தனியாட்களின் பெயர்கள் தேவைப்படுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் திறந்த தரவுத் தளத்தில், மாநகரக் காவல்துறை செய்த கைதுகளின் விவரங்கள் 2010ஆம் ஆண்டு தொடங்கி வெளியிடப்பட்டுள்ளன. நாள், நேரம், காவல் பகுதி, வயது, பால், இனக் குறியீடு, குற்றச்சாட்டு வகை ஆகியன அதில் உள்ளன. பெயர் இல்லை. இடமும் துல்லியமாகக் காட்டப்படாமல் அண்மைத் தெருப்பகுதியாக மட்டுமே காட்டப்படுகிறது. எப்பகுதியில் எக்குற்றச்சாட்டில் எவ்வகை மக்கள் மிகுதியாகக் கைதாகின்றனர் என்பது போன்ற வினாக்களுக்கு எவருடைய பெயரையும் வெளியிடாமல் இத்தரவுகள் விடையளிக்கின்றன.

## பதிவைப் படிக்கும் முறை

சிறைப் பதிவில் குற்றச்சாட்டு பெரும்பாலும் சட்டப் பிரிவு எண்ணாகவே காணப்படும். தண்டனைச் சட்டத்தொகுப்பின் 187 கொலையையும், 211 கொள்ளையையும், 459 களவு நோக்கில் கட்டடத்துள் நுழைதலையும் குறிக்கும். வாகனச் சட்டத்தொகுப்பின் 23152 குடிபோதையில் வண்டி ஓட்டுதலைக் குறிக்கும். குற்றம் பெருங்குற்றமா, சிறு குற்றமா என்பதும் குறிக்கப்படும்.

இப்பிரிவு கைது செய்த காவலர் எழுதியது. வழக்குத் தொடுப்போர் அதனை மாற்றலாம், குறைக்கலாம், வழக்கே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். போதிய சான்று இல்லையெனக் காவல்துறையே விடுவித்தால், தண்டனைச் சட்டத்தொகுப்பின்படி அந்நிகழ்வு கைது எனப்படாமல் வெறும் தடுத்துவைப்பு எனப்படும். எனவே சிறைப் பதிவை மட்டும் கொண்டு, வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதை அறிய இயலாது. அதற்கு நீதிமன்ற ஏட்டைப் பார்க்க வேண்டும்.

பிணைத் தொகையும் குற்றத்தின் கடுமையைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நீதிமன்றம் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, வன்முறையற்ற, கடுமையற்ற குற்றங்கள் பலவற்றில் பணப் பிணையின்றியே விடுவிக்கும் முறை வந்தது. ஆகவே இருவேறு ஆண்டுகளின் பிணைத் தொகைகளை ஒப்பிடும்போது கவனம் தேவை.

## பிழைகளும் ஆள்மாறாட்டமும்

கைதுப் பதிவில் உள்ள பெயர், கைதானவர் கூறிய பெயராக மட்டும் இருக்கலாம். ஒருவர் பிறர் பெயரைக் கூறித் தப்பினால், பிடியாணை அந்தப் பெயருக்கு உரியவர் மீது பிறக்கும். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் 2011 டிசம்பரில் வெளியிட்ட புலனாய்வுச் செய்தியின்படி, அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் ஆள் தவறி மாவட்டச் சிறைகளில் அடைக்கப்பட்ட நிகழ்வுகள் 1,480க்கும் மேற்பட்டவை. பெயரொற்றுமையும் தவறான பிடியாணை விவரங்களும் இவற்றுக்குக் காரணங்களாக இருந்தன.

இதனால் பெயரை மட்டும் கொண்டு எவரையும் அடையாளம் காண்பது தவறாகும். பிறந்த நாள், உடல் அடையாளம், வழக்கு எண் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நல்லது. உறுதியான அடையாளம் கைவிரல் ரேகை ஒன்றே. ஒருவர் தம் சொந்தக் குற்ற வரலாற்றை, கைவிரல் ரேகை அளித்து, மாநில நீதித் துறையிடமிருந்து பெற்றுப் பிழைகளைத் திருத்தக் கோரலாம். பிறருடைய தொகுப்பைப் பெறப் பொதுமக்களுக்கு உரிமை இல்லை.

## பதிவு ஒளிப்படங்கள்

சிறைப் பதிவின்போது எடுக்கப்படும் ஒளிப்படம் "மக் ஷாட்" எனப்படுகிறது. கலிபோர்னியாவில் இதனை வெளியிடுவது கட்டாயம் அன்று. ஷெரிஃப் தம் விருப்புரிமையின்படி வெளியிடலாம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2003இல் கருத்துரைத்தார்.

2010களில், பல மாநிலங்களின் பதிவு ஒளிப்படங்களைத் திரட்டி இணையத்தில் இட்டு, அவற்றை நீக்கப் பணம் கேட்கும் தளங்கள் பெருகின. 2015 சனவரி முதல் கலிபோர்னியா இவ்வாறு பணம் கேட்பதையும் பெறுவதையும் தடை செய்தது. 2018 மே மாதத்தில், மக்ஷாட்ஸ்.காம் என்ற தளத்தின் உரிமையாளர்கள் எனக் கூறப்பட்ட நால்வர் மீது, மிரட்டிப் பணம் பறித்தல் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைக் கலிபோர்னியத் தலைமை வழக்கறிஞர் சுமத்தினார். காவல்துறைகளும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. தங்கள் சமூக வலைத்தளப் பக்கங்களில் கைதானோரின் படங்களை அவை வெளியிட்டு வந்தன. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வன்முறையற்ற குற்றத்துக்காகக் கைதானவரின் படத்தை, சில விலக்குகள் தவிர, இவ்வாறு வெளியிடுவதைத் தடுத்தது.

## வேலைவாய்ப்பில் கைதுப் பதிவு

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், கடைத் திருட்டில் ஈடுபடுவோர் என்று காவல்துறை வணிகர்களுக்கு அளித்த படப் பட்டியலில், தீர்ப்பு வராத ஒருவரின் படமும் இடம்பெற்றது. அவர் மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. நற்பெயர் கெடுவது மட்டும் அரசியலமைப்பு காக்கும் உரிமையின் மீறல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பால் எதிர் டேவிஸ் வழக்கில் 1976இல் கூறியது. அதே ஆண்டில், வழக்கு தள்ளுபடியான ஒருவர் தம் கைதுப் பதிவை அழிக்குமாறு கேட்டதைக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இதனால் பாதுகாப்பைச் சட்டமன்றமே வகுக்க வேண்டியதாயிற்று.

கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 432.7ஆம் பிரிவின்படி, தண்டனையில் முடியாத கைதைப் பற்றி வேலை கேட்டு வருபவரிடம் முதலாளி கேட்கக் கூடாது. காவல் பணி, மருத்துவமனைப் பணி போன்ற சிலவற்றுக்கு விலக்குகள் உள்ளன. பின்னணிச் சோதனை நிறுவனங்களும் தண்டனையில் முடியாத கைதுகளைத் தம் அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது மாநில விதி. சிறைப் பட்டியலைத் தானே தேடிப் பார்த்து, அதனடிப்படையில் வேலை மறுக்கும் முதலாளியும் சட்டத்தை மீறியவராகிறார். ஆவணம் பொதுவானது என்பதால் அதன் எல்லாப் பயன்பாடும் சட்டத்துக்கு உட்பட்டது என்று பொருள் ஆகாது.

## பதிவுகளை முத்திரையிடல்

2018 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டத்தொகுப்பின் 851.91ஆம் பிரிவின்படி, தண்டனையில் முடியாத கைதின் பதிவை முத்திரையிடுமாறு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பெரும்பாலான கைதுகளில் இது உரிமையாகவே வழங்கப்படுகிறது. குடும்ப வன்முறை, சிறுவர் அல்லது முதியோர் வதை போன்ற கைதுகள் தொடர்ந்து காணப்பட்டால், நீதிபதி நியாயத்தின் அடிப்படையில் முடிவு செய்வார். முத்திரையிடப்பட்ட பின், அந்தக் கைது நிகழவில்லை என்றே கருதப்படும். வேலை விண்ணப்பத்தில் அவ்வாறே விடையளிக்கலாம். எனினும் பொதுப் பதவி, காவல் பணி, அரசு உரிமங்கள் ஆகியவற்றுக்கான வினாக்களில் அதனைக் குறிப்பிட வேண்டும். குற்றமற்றவர் என்றே மெய்ப்பிக்கக்கூடியவருக்கு, 851.8ஆம் பிரிவின் கீழ்ப் பதிவுகளை முத்திரையிட்டுப் பின்னர் அழிக்கும் வழியும் உண்டு.

மனுச் செய்ய வழியறியாதோர் பலர் என்பதால், 2019இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2022 முதல் மாநில நீதித் துறை தன் தரவுகளை மாதந்தோறும் ஆராய்ந்து, 1973க்குப் பிந்தைய தகுதியுள்ள கைதுகளுக்குத் தானாகவே நிவாரணம் அளிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சிறு குற்றத்துக்குக் கைதாகி, ஓராண்டு கடந்தும் வழக்குத் தொடுக்கப்படாதவர் இதற்குத் தகுதி உடையவர்.

இந்நடவடிக்கைகள் அரசின் ஏடுகளையே கட்டுப்படுத்தும். தனியார் தளங்கள் முன்னரே படியெடுத்த தகவல் தானாக மறைவதில்லை. ஆகவே பழைய தனியார் திரட்டுகளில் காணப்படும் ஒரு கைது, சட்டத்தின் பார்வையில் நிகழாததாக ஆகியிருக்கக்கூடும். தேடுபவர் எந்தப் பதிவையும் அதன் மூல அமைப்பின் இன்றைய ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

## இவற்றையும் பார்க்கவும்

- ஆட்கொணர்வு மனு
- பிணை
- பிடியாணை
- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
- மறக்கப்படுவதற்கான உரிமை